மலையக இல்லத்துக் குழல்விளக்கு: பொருத்தலும் மாற்றலும்

ஊவா மாகாணத்திலே, பதுளை நகருக்குத் தென்கிழக்கில் 2,000 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் சிங்களப் பெயர் அது. அம்மலைச் சாரலிலும், பசறையிலிருந்து எல்லவுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் இடையிடையே தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயங்கள் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். சாளரம் சிறிதாகவும் கூரை தாழ்ந்ததாகவும் உள்ள காம்பராவில், சூரியன் மறையுமுன்பே விளக்கு வேண்டியதாகிவிடும். மாணாக்கர் படிப்பதும், தாய்மார் சமைப்பதும், முதியோர் படியேறி இறங்குவதும் அவ்விளக்கை நம்பியே நிகழ்வன.

இன்று அவ்விடங்களிற் பெரும்பாலும் காணப்படுவது, கூரைச் சட்டத்தில் நீளவாக்கிற் பொருத்தப்படும் எல்.ஈ.டி. குழல்விளக்காகும். கடையில் வாங்கி எவரும் மாட்டிவிடலாம் என்று எண்ணத்தக்க எளிய பொருளாகவே அது தோன்றும். ஆயினும், பத்தும் பன்னிரண்டும் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த லயத்தில், ஒரு காம்பராவில் தவறாக இணைக்கப்பட்ட கம்பி எல்லாக் குடும்பங்களின் உடைமைகளையும் சாம்பராக்க வல்லது. ஆதலின், இவ்விளக்கு ஒளிரும் வகையையும், அதனைப் பொருத்தும் முறையையும், பழையதை மாற்றுங்கால் வேண்டிய எச்சரிக்கையையும் அறிந்துகொள்ளுதல் கற்றோர்க்கும் கற்போர்க்கும் கடனாகும்.

விளக்கின் வரலாறு

தமிழர் விளக்கைப் போற்றிய வரலாறு பழைமையானது. யவனர் செய்த பாவையொன்று தன் கையில் ஏந்திய அகலை நெடுநல்வாடை குறிப்பிடுகின்றது. ஆனால் மலையகத் தொழிலாளரின் இல்லத்தில் நெடுங்காலம் எரிந்தது பாவை விளக்கன்று. வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியைத் துளைத்துத் திரியிட்ட குப்பி விளக்கே ஆகும். அது எளிதிற் கவிழும். கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இலங்கையில் அதனால் உயிரிழந்தோரும் உடல் வெந்தோரும் பலர். அத்தகையோருக்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத குட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றைச் 'சுதீப' என்னும் பெயரில் ஆக்கியளித்து, 1998 ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார்.

மின்னொளி மலைநாட்டுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பல தோட்டத் தொழிற்சாலைகள் மலையருவி நீராற் சுழலிகளை இயக்கி மின்சாரம் பெற்றன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இலங்கையின் நீர்வலுவைப் பற்றிய தம் ஆய்வுரையை 1918 இல் வெளியிட்டார். லக்ஸபான மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969 இல் நிறுவப்பட்டது. எனினும், தேயிலை அரைக்கும் இயந்திரத்துக்குக் கிடைத்த மின்சாரம் அதனைப் பறித்த கைகளின் இல்லங்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. காலந்தாழ்த்தி வந்த மின்சாரம் பல லயங்களில் முறையான திட்டமின்றியே விரிந்தது. ஓர் இணைப்பிலிருந்து மற்றோரிடத்துக்கு இழுத்த கம்பியும், நாடா சுற்றிய முறுக்கிணைப்பும் அவ்வாறு தோன்றியவையே. விளக்கை மாற்றும் வேலை அப்பழைய கம்பிகளைச் சோதிக்கும் தருணமாகவும் அமைதல் வேண்டும்.

ஒளி பிறக்கும் வகை

இழைக்குமிழில் மெல்லிய தங்குதன் இழை வெண்சூடாகி ஒளிர்கின்றது. மின்சத்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகின்றது. புளோரொளிர்வுக் குழலில் இரச ஆவியினூடே மின்னிறக்கம் நிகழ, அதிற் பிறக்கும் புறவூதாக் கதிர் குழலின் உட்பூச்சிற் பட்டு வெள்ளொளியாகின்றது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி இவ்விரண்டினின்றும் வேறானது. குறைகடத்தியொன்றின் இரு பகுதிகள் சந்திக்கும் எல்லையில் எதிர்மின்னிகள் துளைகளோடு கூடும்போது வெளிப்படும் சத்தியே நேராக ஒளியாகின்றது.

இவ்விளைவை எச். ஜே. ரவுண்ட் 1907 இலேயே கண்டு குறித்தார். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் இருவாயியை 1962 இல் நிக் ஹொலொன்யாக் ஆக்கினார். நீலவொளியைப் பிரகாசமாகப் பெறுதலே நெடுங்காலம் கைகூடாதிருந்தது. யப்பானிய அறிஞர் அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகியோரின் உழைப்பால் 1990 ஆம் ஆண்டுகளில் அது கைகூடியது. அதற்காக 2014 இற் பௌதிகவியல் நோபெல் பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. நீலவொளியின் ஒரு பகுதி மஞ்சளொளி காலும் பூச்சினூடே செல்ல, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றது. இன்றைய குழல்விளக்கின் வெண்மை இவ்வாறு பெறப்படுவதே.

வெள்ளொளி தரும் இருவாயி ஒன்றுக்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 3 உவோற்று மாத்திரமே. வீட்டுக்கு வருவதோ 230 உவோற்று ஆடலோட்டம். அன்றியும், அழுத்தம் சிறிது கூடினும் இருவாயியிற் பாயும் ஓட்டம் பெரிதும் பெருகி அதனைச் சுட்டழித்துவிடும். ஆதலால் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, அதன் அளவையும் கட்டுப்படுத்தும் செலுத்தியொன்று விளக்கினுள் வைக்கப்பட்டுள்ளது. ட்ரைவர் என்று கடைகளில் வழங்குவது இதுவே. விளக்கின் நன்மை தீமை பெரும்பாலும் இச்செலுத்தியையே சார்ந்தவை.

எவ்வளவு ஒளி வேண்டும்?

விளக்கை உவாற்றினால் மதிப்பிடுதல் பழைய வழக்கம். உவாற்று என்பது உண்ணும் மின்சத்தியின் அளவேயன்றித் தரும் ஒளியின் அளவன்று. ஒளியின் அளவு லூமன் எனப்படும். 60 உவாற்று இழைக்குமிழ் ஏறத்தாழ 700 லூமன் தரும். நான்கடி நீளமுள்ள 36 உவாற்றுப் பழைய குழல் ஏறத்தாழ 2,500 லூமன் தரும். 18 உவாற்று எல்.ஈ.டி. குழல் ஏறத்தாழ 2,000 லூமன் தரும். பழைய குழல் நாற்புறமும் ஒளியைச் சிதறும். புதியது பெரும்பாலும் கீழ்நோக்கியே செலுத்தும். எனவே, எண்ணிற் குறைந்தும் பயனில் இரண்டும் ஏறத்தாழ ஒத்தனவே.

பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவை எடுத்துக்கொள்க. அதன் பரப்பு 120 சதுரவடி, அதாவது ஏறத்தாழ 11 சதுர மீற்றர். 2,000 லூமன் விளக்கொன்றின் ஒளியிற் பாதி சுவரிலும் கூரையிலும் போய்விடுமெனின், எஞ்சிய 1,000 லூமன் அப்பரப்பிற் பரவும். சராசரி ஒளிர்வு 90 லக்ஸ் ஆகும். நடமாடுதற்கு இது போதும். படித்தற்கு 300 லக்ஸ் அளவில் வேண்டுமென்பது பொதுவான கொள்கை. அவ்வாறாயின் மூன்று விளக்குகள் வேண்டுமோ எனின், வேண்டா. விளக்குக்கு நேர்கீழே ஒன்றரை மீற்றர் தாழ்வில் மேசையை இட்டால், அவ்விடத்தில் மாத்திரம் ஏறத்தாழ 250 லக்ஸ் கிடைக்கும். எனவே, காம்பராவின் நடுவே விளக்கை மாட்டிவிட்டு மூலையிற் பிள்ளையை இருத்துதல் பொருந்தாது; பிள்ளை படிக்கும் இடத்தைத் தீர்மானித்து அதற்குமேல் விளக்கை அமைத்தலே அறிவுடைமை. அடுப்புப் புகையாற் கறுத்த சுவருக்கு வெள்ளையடித்தால் அதே விளக்கிலிருந்து மேலும் ஒளி கிடைக்கும். சுண்ணாம்பு மின்கட்டணம் கேட்பதில்லை.

செலவையும் நோக்குக. பழைய குழல் 36 உவாற்றும் அதன் சோக் எனப்படும் நிலைப்படுத்தி ஏறத்தாழ 10 உவாற்றும் கொள்ளும். நாளொன்றுக்கு 5 மணிநேரம் வீதம் 30 நாளில் 46 உவாற்று விளக்கு 6.9 அலகுகளையும், 18 உவாற்று விளக்கு 2.7 அலகுகளையும் செலவிடும். ஒரு விளக்கில் மாதம் 4.2 அலகுகள் மிச்சமாகும். பாவனை கூடுந்தோறும் அலகின் விலை உயரும் படிமுறைக் கட்டணத்தில், இரண்டு மூன்று விளக்குகளின் மிச்சம் ஒரு குடும்பத்தைத் தாழ்ந்த படியிலேயே நிறுத்தக்கூடும்.

புதிய விளக்கைப் பொருத்தல்

முதலாவது விதி, பிரதான ஆளியை அணைத்தலாகும். சுவரிலுள்ள விளக்கின் ஆளியை மாத்திரம் அணைத்தல் போதாது. அவ்வாளி உயிர்க்கம்பியில் அமையாது நொதுமற்கம்பியில் அமைந்திருப்பின், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் முனையில் 230 உவோற்று நிற்கும். பிரதான ஆளியை அணைத்தபின், ரெஸ்ரர் கொண்டு சோதித்தல் வேண்டும். அதற்குமுன் உயிருள்ள ஓரிடத்தில் அந்த ரெஸ்ரர் ஒளிர்கின்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. பழுதான ரெஸ்ரர் எல்லாக் கம்பியையும் உயிரற்றதென்றே காட்டும். லயங்களில் அடுத்த காம்பராவிலிருந்து வரும் கம்பி வேறோர் இணைப்பைச் சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, விளக்கைத் தாங்கும் இடம். தகரக் கூரையிலே துளையிட்டுத் தொங்கவிடுதல் தகாது. மழைநீர் அத்துளைவழி இறங்கும். கம்பி தகரத்தின் கூரிய விளிம்பில் உரசினால் கூரை முழுவதும் மின்னேறும். உறுதியான மரச்சட்டத்தில் திருகாணிகளால் விளக்கின் அடித்தட்டைப் பொருத்துக. தகரத்துக்கும் விளக்குக்குமிடையே கையளவு இடைவெளி விடுக. பகல் வெயிலில் தகரம் கொதிப்பதாலும், இரவுக் குளிரில் அதன் அடிப்புறம் வியர்த்துச் சொட்டுவதாலும் இவ்விடைவெளி தேவையாகின்றது. விறகடுப்புள்ள குசினிக்கும், சாரலடிக்கும் இஸ்தோப்புக்கும் நீரும் தூசும் புகாதவாறு மூடப்பட்ட விளக்கே ஏற்றது.

மூன்றாவது, இணைப்பு. உயிர்க்கம்பி ஆளியினூடாகவே விளக்குக்கு வருதல் வேண்டும். விளக்கின் உடல் உலோகமாயின் புவிக்கம்பி கட்டாயம் இணைக்கப்படல் வேண்டும். ஒரு சதுரத்தினுள் மற்றொரு சதுரம் வரைந்த குறியுடைய இரட்டைக் காவலிட்ட விளக்குக்கு மாத்திரம் அது வேண்டா. கம்பிகளை முறுக்கி நாடா சுற்றுதல் கூடாது. காலப்போக்கில் அவ்விணைப்புத் தளரும். தளர்ந்த இணைப்பிற் தடை கூடும். தடை கூடிய இடம் சூடேறும். சூடேறிய இடத்துக்கு அருகில் உலர்ந்த மரம் இருக்கும். தீயின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகின்றது. திருகாணியுள்ள இணைப்புக் கட்டையை மூடிய பெட்டியினுள் வைத்து இணைத்தலே முறை.

நான்காவது, காப்பு. ட்ரிப் சுவிட்ச் என்று யாவரும் வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான், உயிர்க்கம்பியிற் சென்ற ஓட்டம் நொதுமற்கம்பியில் முழுமையாக மீளாதபோது, அதாவது 30 மில்லி அம்பியர் அளவு வேறுவழியிற் கசியும்போது, மின்சாரத்தைத் துண்டிக்கும். மனித உடலினூடே பாயும் ஓட்டம் உயிரைக் குடிக்குமுன் அதனை நிறுத்துவது அதுவே. அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தல் நன்று. அடிக்கடி விழுகின்றதென்று அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைப்போர் உளர். அது காவலாளியைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுதல் போன்றது. புதிய கம்பி இழுத்தலையும் இணைப்பு மாற்றுதலையும் பயிற்சிபெற்ற மின்வினைஞரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பழைய குழலை மாற்றல்

பழைய குழலின் சட்டத்திலேயே எல்.ஈ.டி. குழலை மாட்டும் வேலையில் பலர் இடறுவர். புறத்தோற்றம் ஒன்றாயினும், அகத்தில் இவை இருவகைப்படும்.

முதல் வகை, நிலைப்படுத்தியை நீக்காமலே பொருத்தக்கூடியது. இதனோடு தொடக்கியைப் போன்ற சிறு துணைப்பொருள் ஒன்றும் வரும். பழைய தொடக்கியைக் கழற்றிவிட்டு இதனை இடுதல் வேண்டும். பழைய தொடக்கியையே விட்டுவைத்தால் விளக்கு துடிக்கும், அல்லது விரைவிற் கெடும்.

இரண்டாம் வகை, 230 உவோற்றை நேரே ஏற்பது. இதற்கு நிலைப்படுத்தியையும் தொடக்கியையும் சுற்றிலிருந்து நீக்கிக் கம்பியை மாற்றியமைத்தல் வேண்டும். இவ்வகையிலும், உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் ஒரே முனைக்கு வருவனவும், முனைக்கொன்றாக வருவனவும் உள. எது எவ்வாறென்பது குழலோடு வரும் வரைபடத்திற் காணப்படும். அதைப் படியாது தொடங்குதல் ஆபத்தாகும். முனைக்கொன்றாக மின்னேற்கும் குழலின் ஒரு முனையை உயிருள்ள சட்டத்திற் செருகினால், மறுமுனையின் ஊசிகளிலும் மின் தோன்றக்கூடும். அம்முனையைக் கையிற் பிடித்து நிற்பவர் ஏணிமேல் நிற்பவர் என்பதை நினைவிற் கொள்க.

இவ்வாறு மாற்றியமைத்த சட்டத்தின்மேல், எல்.ஈ.டி. குழலுக்கு மாத்திரம் உரியதென எழுதி ஒட்டுதல் வேண்டும். பின்னொரு காலத்தில் அறியாதார் ஒருவர் பழைய புளோரொளிர்வுக் குழலை அதிற் செருகினால், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நிலைப்படுத்தி அங்கில்லாமையால் அக்குழலின் இழை நேர்மின்னேற்று வெடிக்கக்கூடும்.

கழற்றிய பழைய குழலில் இரசம் உண்டு. அதனைத் தேயிலைச் செடிகளிடையே எறிதலும், பிள்ளைகள் விளையாட்டாக உடைத்தலும் தடுக்கப்பட வேண்டியவை. உடைந்துவிடின், கதவு சாளரங்களைத் திறந்து அனைவரும் சற்று வெளியேறிய பின், வெறுங்கை படாமற் கடதாசியாலும் ஈரத்துணியாலும் துண்டுகளைத் திரட்டுக. விளக்குமாற்றாற் கூட்டுதல் தூளைப் பரப்பும். இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023 இல் ஜெனீவாவிற் கூடி, பொது விளக்கேற்றுதற்குரிய புளோரொளிர்வுக் குழல்களின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் 2027 ஆம் ஆண்டளவில் முடிவுறுத்த இணங்கின. ஆகவே பழைய குழலை விட்டகலுதல் விருப்பத்தின்பாற்பட்டதன்றிக் காலத்தின் கட்டளையுமாகும்.

நாடா விளக்கு

கோயில் மண்டபத்தின் விதானத்தைச் சுற்றியும், பாடசாலை அரங்கின் மேல்விளிம்பிலும் ஒட்டப்படும் எல்.ஈ.டி. நாடா பெரும்பாலும் 12 உவோற்று நேரோட்டத்தில் இயங்கும். மீற்றருக்கு 14.4 உவாற்றுக் கொள்ளும் 5 மீற்றர் நாடா 72 உவாற்றுக் கொள்ளும்; 12 உவோற்றில் அதற்கு 6 அம்பியர் வேண்டும். மின்வழங்கியை அதன் எல்லைவரை உழைக்கவிடாது ஐந்திலொரு பங்கு மிகையாகக் கொள்ளுதல் முறையாதலின், 86 உவாற்றுக்குக் குறையாத, அதாவது 100 உவாற்று வழங்கி ஏற்றது.

குறைந்த அழுத்தம் என்பதால் தீங்கில்லையென எண்ணுதல் பிழை. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாற் 5 மீற்றர் தூரம் இவ்வோட்டத்தைக் கொண்டுசென்றால், போகவரும் 10 மீற்றர்க் கம்பியில் ஏறத்தாழ 1 உவோற்று வீழ்ந்துவிடும். 230 உவோற்றில் இது பொருட்டன்று. 12 உவோற்றிலோ பன்னிரண்டிலொரு பங்கு. நாடாவின் தொலைமுனை மங்குவதற்கு இதுவே காரணம். ஒன்றன் முனையில் மற்றொன்றைத் தொடுக்காது, ஒவ்வொரு 5 மீற்றருக்கும் வழங்கியிலிருந்து தனிக்கம்பி இழுத்தல் வேண்டும். வெட்டுங்கால் குறித்த கோட்டிலேயே வெட்டுக. நேர், எதிர் முனைகளை மாற்றி இணைக்கற்க. சுருளை விரிக்காமல் நெடுநேரம் எரியவிடற்க. சோடனைத் துணியும் காய்ந்த தோரணமும் அருகில் உள்ள இடத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டற்பாலது.

கெடுதலும் காரணமும்

பல்லாயிரம் மணிநேரம் எரியுமென உறையில் அச்சிட்ட விளக்கு ஓராண்டிற் கெடுமாயின், பழுது பெரும்பாலும் இருவாயியில் அன்று, செலுத்தியிலேயே ஆகும். அதிலுள்ள மின்பகு கொள்ளளவி வெப்பத்தால் உலரும். வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலார் வழங்கும் விதி. தகரத்தோடு ஒட்டி விளக்கைப் பொருத்தலாகாதென்றதன் காரணம் இதனால் விளங்கும். இடிமின்னலும் செலுத்தியை அழிக்கும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரில், ஒற்றோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்குமுன் பிரதான ஆளியை அணைத்தல் நன்று.

அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக ஒளிர்வதைக் கண்டு சிலர் அஞ்சுவர், சிலர் நகைப்பர். ஆளி நொதுமற்கம்பியில் அமைந்திருத்தலோ, ஆளியினுள்ளே சிறு குறிவிளக்கு இருத்தலோ அதற்குக் காரணமாகலாம். முன்னையதாயின் அது நகைப்புக்குரியதன்று. கம்பியிணைப்பு மாறியுள்ளதென விளக்கே தரும் எச்சரிக்கை அது. மின்வினைஞரைக் கொண்டு உடனே திருத்துதல் வேண்டும்.

கல்விக்கூடம் ஆற்றத்தக்கது

2022 மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. அந்நாட்களில், இரவுப் படிப்பு என்பது வசதியுடையார்க்கும் இல்லாதார்க்கும் ஒன்றன்று என்பது நன்கு விளங்கியது. மின்கல விளக்குடைய வீட்டுப் பிள்ளை படித்தது. மற்றப் பிள்ளை உறங்கியது. மின்வெட்டில்லாத நாளிலும் மங்கிய விளக்கும் பழுதான கம்பியும் அதே வேறுபாட்டை ஓசையின்றி நிகழ்த்துகின்றன.

பழைய மாணவர் சங்கங்கள் விளக்குகளை வழங்குவது பாராட்டத்தக்கது. ஆனால் விளக்கை மாத்திரம் கொடுத்துக் கம்பியை நோக்காது விடுதல் பாதிக் கொடையேயாகும். நூறு விளக்குக்குச் சேர்த்த பணத்தில் எழுபது விளக்கும், எஞ்சியதற்கு மின்வினைஞர் ஒருவரின் சோதனையும், ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடுகளுக்கு அதுவும் வழங்கின், பயன் பெரிதாகும். விஞ்ஞானம் கற்கும் மாணாக்கர் கம்பியைத் தொடாமலே தத்தம் வீட்டில் முறுக்கிணைப்பு எங்குண்டு, ட்ரிப் சுவிட்ச் உண்டா, படிக்கும் இடத்துக்குமேல் விளக்கு அமைந்துள்ளதா என்று பார்த்து எழுதிவரலாம். இருவாயியைப் பற்றி வகுப்பிற் கற்றது அப்போதுதான் வீட்டுக்கு வந்து சேரும்.

குப்பி விளக்கின் தீயினின்று மக்களைக் காத்தற்குத் தோன்றியவற்றுள் ஒன்று மின்விளக்கு. அதுவே மற்றொரு தீக்கு வாயிலாதல் ஆகாது. அளவறிந்து வாங்கி, இடமறிந்து பொருத்தி, கம்பியறிந்து இணைத்தால், பதினெட்டு உவாற்று விளக்கொன்று லயத்துப் பிள்ளையின் இரவை நீட்டித் தரும். அதன் அண்டையில் உறங்குவோரின் துயிலையும் கெடுக்காது.